குண்டு எட்டிய எல்லை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலக் கரையில் இடிபாடாகக் கிடக்கும் செயிண்ட் டேவிட் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது. விற்றவர் அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் கைமாறும் என்பதற்கு அவர்கள் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு விழும் இடம் வரை கம்பெனிக்குச் சொந்தம். இதுதான் பேச்சு. சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு இந்த வாசகத்தின் அருமை உடனே புரிந்துவிட்டது. இருப்பதிலேயே தூரம் எட்டும் பீரங்கியையும், அதைக் கையாளத் தெரிந்த ஆளையும் தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். மருந்து கெட்டிப்பதிலும் குறி வைப்பதிலும் பீரங்கிக்காரன் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினார்கள். அப்படி வளைக்கப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

இதற்கு அடுத்த ஆண்டு, 1691இல், லண்டனில் ஒரு வழக்கு தீர்ந்தது. எட்ஜ்பெரி எதிர் ஸ்டீவன்ஸ் என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். கடல் கடந்த நாட்டில் ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் ஒரு தொழில்நுட்பத்தை ஒருவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தால், அவரையே அதன் கண்டுபிடிப்பாளராகக் கொண்டு காப்புரிமை வழங்கலாமா என்பது கேள்வி. வழங்கலாம் என்றது நீதிமன்றம். இங்கிலாந்துக்குள் புதிதாக இருந்தால் போதும். படித்து அறிந்தாரா, பயணம் போய் அறிந்தாரா என்பதெல்லாம் அநாவசியம். அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆங்கிலக் காப்புரிமைச் சட்டம் இந்த அடித்தளத்தில்தான் நின்றது. சேலத்துக் கொல்லருக்கோ காஞ்சிபுரத்து நெசவாளருக்கோ தெரிந்தது எதுவும் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'முன்பே தெரிந்தது' ஆகாது.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் காப்புரிமை என்பதும் ஓர் எல்லைக்கல் விவகாரம்தான். கண்டுபிடித்தவர் தன் விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளும் உரிமைக்கோரல் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவுதான் அவருடைய நிலம். அறிவு எவ்வளவு பெரியது என்பதைவிட எழுத்து எவ்வளவு தூரம் போகிறது என்பதே அங்கே கணக்கு. கண்டுபிடிப்பாளர்களைக் கொண்டாட வேண்டும் என்று நாம் பேசும்போது இந்த உண்மையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் இடம்பெற வேண்டுமானால் கையில் ஓர் அமெரிக்கக் காப்புரிமை இருந்தாக வேண்டும். முதலில் இடம்பெற்றவர் எடிசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன் 2002இல் அங்கே இடம்பெற்றார். இன்று கண்ணாடி அணியாமல் இருக்க விரும்புகிறவர்களுக்குச் செய்யப்படும் லேசர் கண் சிகிச்சைக்கு வழி திறந்தவர்களில் அவர் ஒருவர். உயிர்த் திசுவைச் சூடேற்றிக் கருக்காமல் எக்ஸைமர் லேசரால் செதுக்கியெடுக்கலாம் என்று 1981இல் தன் சகாக்கள் இருவரோடு சேர்ந்து காட்டியவர். அவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் மண்டபத்தின் வாசலில் காப்புரிமைச் சீட்டைக் கேட்பதால், சீட்டு இல்லாதவர்கள் யார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

சீட்டு இருந்தும் தோற்ற ஒருவரும், சீட்டு என்ற ஒன்று உண்டென்றே அறியாத பலரும் சேர்ந்து வரும் கதை ஒன்று இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே போனால், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை. இன்று வெளியூர்க்காரர்களுக்கு அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கும் ஊர். 19ஆம் நூற்றாண்டில், போர்ட்டோ நோவோ என்ற பெயரில், இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு காய்ச்ச முயன்ற முதல் ஆலைகளில் ஒன்று அங்கே புகைந்துகொண்டிருந்தது. அதை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஹீத் கம்பெனியின் சென்னை அரசுப் பணியில் இருந்தவர். சேலம், கோயம்புத்தூர் பகுதியில் வணிக அதிகாரியாக வேலை பார்த்தவர். பறவை, விலங்குகளைச் சேகரிப்பதிலும் ஆர்வம் உள்ளவர். சென்னையிலிருந்து கிடைத்த ஒரு மஞ்சள் வௌவாலுக்கு விலங்கியலாளர் ஹார்ஸ்ஃபீல்ட் 1831இல் அவர் பெயரையே வைத்தார். ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தி என்ற அந்த இனம் இன்றும் தமிழ்நாட்டில் பறந்துகொண்டிருக்கிறது. ஆனால் மனிதரின் மனசு பூராவும் சேலத்து மலைகளில் கிடந்த காந்த இரும்புத் தாதுவின் மேல்தான். 1820களின் நடுவில் வேலையை விட்டார். இங்கிலாந்து போய்த் தொழிலைப் பார்த்துவந்தார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையை அரசிடம் வாங்கினார். கரிக்கு மரம் வெட்டும் உரிமையும் பெருந்தொகை முன்பணமும் கிடைத்தன. 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. பிறகு மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஒன்று.

தாது இருப்பது சேலத்தில். துறைமுகம் இருப்பது பரங்கிப்பேட்டையில். தாதுவை ஆற்று வழியே பரிசலில் இறக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலக்கரி கிடையாது, எல்லாம் மரக்கரி. ஊதுலை என்பது ஒரு நாள்கூடப் பசி தாங்காத ஜீவன். சுற்றுவட்டக் காடு வெட்டவெட்ட, கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. ஆலை கைமாறிக் கைமாறி, கம்பெனிக்கு மேல் கம்பெனியாகப் பெயர் மாறி, 1860களில் உலை அணைந்தது. நிறுவனம் 1874இல் கலைக்கப்பட்டது. இந்தியாவில் இரும்புத் தொழில் ஏன் முன்பே வேரூன்றவில்லை என்று ஆராய்கிறவர்கள் இந்தத் தோல்வியை விரிவாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல. ஆலைக்குத் தாது தேடிப் போன இடத்தில் ஹீத் என்ன பார்த்தார் என்பதுதான்.

அவர் பார்த்ததை 1839இல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் கட்டுரையாக எழுதினார். சேலம் பக்கத்துக் கொல்லர்கள் உருக்குச் செய்யும் விதம் அதில் படிப்படியாக வருகிறது. தாதுவை இடித்து, கொழித்து, கல்லும் மணலும் நீக்குகிறார்கள். ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான, பேரிக்காய் வடிவ மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி, காற்றுப் போகும் மூக்கு மூங்கிலில். உலையிலிருந்து வரும் இரும்புக் கட்டியைப் பலமுறை காய்ச்சி அடித்துக் கம்பியாக்கி, சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். இது வரைக்கும் சாதாரண இரும்பு.

அடுத்துதான் விஷயம். களிமண்ணோடு கரியாக்கிய உமியை நிறையக் கலந்து பிசைந்து மூசை (உலோகம் உருக்கும் மண்கலம்) செய்கிறார்கள். ஒவ்வொரு மூசையிலும் கால் கிலோ முதல் ஏறத்தாழ ஒரு கிலோ வரை இரும்புத் துண்டு. அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு, பொடியாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. எருக்கு கிடைக்காத இடத்தில் வேறொரு கொடியின் இலை. பிறகு வாயைப் பிசைந்த களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துக் காயவைக்கிறார்கள். இப்படி இருபது, இருபத்துநாலு மூசைகளை வளைவாக அடுக்கி, கரியை மூடி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுகிறார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் வில்லை போல உருக்கு. அந்த வில்லைதான் ஐரோப்பாவில் ஊட்ஸ் என்று பேர் வாங்கியது. 1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அதன் மாதிரிகளை ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடேவும் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதைப் போலச் செய்துபார்க்க ஆண்டுக்கணக்கில் மெனக்கெட்டார்கள்.

ஷெஃபீல்டில் அப்போது உருக்குச் செய்வது எப்படி? இரும்புக் கம்பிகளைக் கரித்தூளோடு பெட்டியில் அடைத்து நாட்கணக்கில் சூட்டில் வைப்பார்கள். கரி மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்கும். அதன் பிறகு அதை மூசையில் உருக்குவார்கள். சேலத்துக் கொல்லர்களோ இரண்டு வேலையையும் ஒரே மூசையில், ஒரு பொழுதுக்குள் முடித்துவிட்டார்கள். இது எப்படி முடிகிறது என்பதற்கு ஹீத் தந்த விளக்கம்தான் அந்தக் கட்டுரையின் உயிர்.

அன்றைக்கு இங்கிலாந்தில் உருக்குச் செய்வதற்கு இரண்டு காப்புரிமைகள் பேர்பெற்றவை. ஒன்று டேவிட் மஷெட் 1800இல் வாங்கியது: இரும்பையும் கரிப்பொருளையும் மூடிய மூசையில் போட்டு நேரே உருக்கி எடுப்பது. இன்னொன்று சார்லஸ் மக்கின்டாஷ் 1825இல் வாங்கியது: சூடேறிய இரும்பின் மேல் நிலக்கரி வாயுவைச் செலுத்தினால், கரித்தூளிலிருந்து ஏறுவதைவிட வேகமாகக் கரி ஏறும் என்பது. (மழைக்கோட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே மக்கின்டாஷ்தான்.) ஹீத் சொன்னது இது: கொல்லரின் மூசையில் இந்த இரண்டு தத்துவங்களும் ஒன்றாக வேலை செய்கின்றன. காய்ந்த குச்சியும் பச்சை இலையும் சூட்டில் வாயுவை வெளிவிடுகின்றன. வாயை மண்ணால் அடைத்திருப்பதால் வாயு தப்பிப்போக வழியில்லை. இரும்போடு நெருங்கிக் கிடந்து அதற்குள் கரியை வேகமாக ஏற்றுகிறது. உருகும் வெப்பமும் அதனால் குறைகிறது. பச்சை இலை ஏதோ சடங்குக்காகப் போடப்பட்டதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் பரிசோதகர் செய்கிற வேலையைத்தான் ஹீத் செய்திருக்கிறார். இதோ முதல் காப்புரிமை, இதோ இரண்டாவது. இதோ இவை இரண்டுக்கும் முந்திய செயல்முறை என்று வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார். ஊர்க்காரர்களின் 'பழம்பெருமை' பாடும் நோக்கம் அவருக்குக் கிடையாது. அவர் ஒரு வியாபாரி. சேலத்து இரும்பு நல்ல இரும்பு என்று நிரூபித்தால் பரங்கிப்பேட்டைக்கு லாபம். ஆனாலும் கொல்லரின் அறிவை அறிவு என்று ஒப்புக்கொண்டு, எதனால் அது வேலை செய்கிறது என்று ரசாயனக் காரணத்தோடு எழுதிய ஆரம்பகால ஆவணங்களில் அது ஒன்று. குறை ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையில் மஷெட்டின் பெயர் இருக்கிறது. மக்கின்டாஷின் பெயர் இருக்கிறது. ஒரு கொல்லரின் பெயர்கூட இல்லை. பெயர் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நம்மவர்களும் எழுதி வைக்கவில்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் உடைசல் கிடைத்த இடத்தை 1990களில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்தார். அங்கேயும் மூசைச்சில்லுதான் பேசுகிறது, ஆள் பேசவில்லை.

கட்டுரை வந்த அதே 1839இல், ஏப்ரல் 5ஆம் தேதி, ஹீத் தன் சொந்தக் காப்புரிமையைப் பெற்றார். வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளை அது விழுங்கிவிட்டது.

பிரச்சினை இதுதான். ஷெஃபீல்டில் நல்ல வார்ப்புருக்கு வேண்டுமென்றால் ஸ்வீடனிலிருந்து விலை உயர்ந்த இரும்பு வர வேண்டும். உள்ளூர் இரும்பிலிருந்து செய்தால் உருக்கு முரண்டு பிடிக்கும். பழுக்கக் காய்ச்சி அடித்தால் பிளக்கும். வேறு இரும்போடு ஒட்டவைக்க முடியாது. சாப்பாட்டு மேசைக் கத்தியின் அலகு உருக்கு, பிடிக்குள் போகும் பகுதி சாதா இரும்பு. இரண்டையும் ஒட்டவைக்க முடியாவிட்டால் ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்கு அந்த உருக்கு உதவாது. ஹீத் கண்டது: உருக்கு உருகும்போது எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளை (மாங்கனீசுக் கார்புரெட்டை)ப் போட்டால் முரண்டு தீர்ந்துவிடுகிறது. காரணத்தை இன்று நாம் சொல்ல முடியும். இரும்பில் உள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்து, உலோகப் படிக மணிகளின் இடுக்கில் சுலபமாக உருகும் மெல்லிய படலமாகப் படியும். சூட்டில் அடித்தால் அந்த இடுக்கில் பிளவு விழும். மாங்கனீசு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் வாங்கிக்கொள்கிறது. இன்று உலகத்தில் வார்க்கப்படும் உருக்கில் கிட்டத்தட்ட எதுவும் மாங்கனீசு இல்லாமல் இல்லை. நம் வீட்டுத் தளத்துக்குள் கிடக்கும் கம்பியிலும் அது இருக்கிறது.

ஷெஃபீல்டு இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. வார்ப்புருக்கின் விலை இறங்கியது. மாங்கனீசுக் கூட்டுப்பொருளைத் தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்பதற்கு ஷெஃபீல்டில் அன்வின் என்பவரை ஹீத் முகவராக வைத்தார். கொஞ்ச நாளில் ஹீத்துக்கே இன்னும் மலிவான வழி தெரிந்தது. கூட்டுப்பொருளைத் தனியாகச் செய்து போட வேண்டியதில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் மூசையில் நேரே போட்டால், அந்தச் சூட்டிலேயே கூட்டுப்பொருள் உண்டாகி, உடனே வேலையும் செய்துவிடும். இதை அன்வினிடம் நம்பிச் சொன்னார். சொன்ன பின்னால் அன்வின் முகவராக இருக்கவில்லை. சொந்தமாக அந்த முறையில் வியாபாரம் ஆரம்பித்தார். கேட்டதற்கு அவர் சொன்ன பதில் சட்டப்படி அழகானது: உங்கள் காப்புரிமையில் எழுதியிருப்பது மாங்கனீசுக் கார்புரெட்டைப் போடுவது. நான் அதைப் போடவில்லை. ஆக்சைடும் தாரும்தான் போடுகிறேன்.

வழக்கு பத்து வருஷத்துக்கும் மேல் நடந்தது. 1844இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம், அன்வினுக்குக் காப்புரிமை முறையைப் பின்பற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லி அவர் பக்கம் தீர்த்தது. வழக்கு வேறு வேறு நீதிமன்றங்களுக்கு ஏறி இறங்கியது. மூசைக்குள் கார்புரெட் உண்டாகிறதா, உண்டாகி எவ்வளவு நேரம் இருக்கிறது, உருக்கோடு சேரும் முன்பா பின்பா என்றெல்லாம் வேதியியல் அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். வெள்ளையாகக் கொதிக்கும் மூசைக்குள் எட்டிப்பார்க்க ஆள் கிடையாது என்பது எதிர்த்தரப்பின் பெரிய பலம். ஹீத் 1851இல், கடனாளியாக, வழக்கின் முடிவைப் பார்க்காமலே இறந்தார். அதற்குப் பிறகு ஒரு மேல்முறையீட்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1855இல் பிரபுக்கள் சபை அதை மாற்றி, இறுதியாக அன்வினை ஜெயிக்க வைத்தது. கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பாலோர் ஹீத் பக்கம் பேசியும் பலனில்லை.

இந்தத் தீர்ப்பை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காப்புரிமையில் எழுதியதைவிட அதிகமாக நீதிமன்றம் ஒருவருக்கு நிலம் ஒதுக்க ஆரம்பித்தால், பக்கத்து வயல்காரன் எப்போதும் பயந்துகொண்டே உழ வேண்டும். விண்ணப்பம் எழுதிய அன்று மலிவு முறை ஹீத்துக்குத் தெரியாது. தெரியாததை எப்படி உரிமை கோருவது? ஆனால் அந்த மலிவு முறையும் அவருடைய தலையிலிருந்து வந்ததுதான், அதைத் திருடியவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான் என்பதை எந்தக் கோரலிலும் எழுத இடமில்லை. முகவரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னதற்குப் பதில் இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். கொல்லரின் அறிவு எழுத்தில் ஏறாதது என்று கண்டு எழுதிய மனிதர், தன் அறிவில் பாதியை எழுத்தில் ஏற்றாமல் விட்டார்.

ஹீத்தின் அடியொற்றி வந்த ராபர்ட் மஷெட் (டேவிட் மஷெட்டின் மகன்) இன்னும் சின்ன விஷயத்தில் தோற்றார். பெஸ்ஸமர் என்பவர் காற்று ஊதிச் செய்த உருக்கு சூட்டில் உடைந்துகொண்டிருந்தபோது, மாங்கனீசு நிறைந்த ஒருவகை வார்ப்பிரும்பைக் கலந்து அதைக் காப்பாற்றியவர் அவர். 1856இல் காப்புரிமை வாங்கினார். மூன்றாம் ஆண்டு கட்ட வேண்டிய 50 பவுன் முத்திரைக் கட்டணத்தை அவருடைய காப்புரிமையை வைத்திருந்த பங்காளிகள் கட்டத் தவறினார்கள். 1859இல் உரிமை காலாவதி. பெஸ்ஸமர் கோடீஸ்வரர் ஆனார். மஷெட்டின் பதினாறு வயது மகள் மேரி லண்டனுக்கு நேரே போய் பெஸ்ஸமரிடம் வாதாடிய பிறகு, ஆண்டுக்கு 300 பவுன் மானியம் கிடைத்தது. பிற்பாடு பெஸ்ஸமர் பெயரிலேயே ஏற்பட்ட தங்கப் பதக்கம் 1876இல் மஷெட்டுக்கு வழங்கப்பட்டது. அதை அவர் என்ன மனநிலையில் வாங்கியிருப்பார் என்று யோசித்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

இந்தியாவுக்குக் காப்புரிமைச் சட்டம் வந்தது 1856இல். லண்டன் அனுமதி முறையாக வாங்கவில்லை என்று மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டு, 1859இல் வேறு சட்டமாக வந்தது. முதல் விண்ணப்பம் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃப்ரட் டிபென்னிங் என்பவருடையது: பங்கா இழுக்க ஒரு திறமையான பொறி. துரைமார்களுக்குக் காற்று வர வேண்டும், இழுக்கும் ஆளின் கூலி மிச்சமாக வேண்டும். இந்தியக் காப்புரிமை வரலாறு அந்தக் கவலையோடு தொடங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சேலம் கொல்லர் மனுப்போட்டு, விவரக்குறிப்பு எழுதி, கட்டணம் கட்டி உருக்கு முறைக்குத் தனியுரிமை கேட்பதைக் கற்பனை செய்துபார்க்கலாம். கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஊருக்கே தெரிந்தது புதிதல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை மாற்றியதில் ஒரு தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கைதான் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். மருந்துக்கும் உணவுக்கும் பொருள் காப்புரிமை வேண்டாம், செய்முறைக் காப்புரிமை போதும் என்ற அவருடைய நிலைப்பாட்டில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. 2005இல் உலக வர்த்தக ஒப்பந்தத்தின் நெருக்கடியில் அது மாற்றப்பட்டது வேறு கதை.

இடையில் மஞ்சள் வழக்கு. மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை தரப்பட்டது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அது தெரியும் என்று சொல்லிப் பயனில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வேறு நாட்டின் வாய்வழி வழக்கம் கணக்கில் வராது, அச்சிட்ட ஆதாரம் வேண்டும். இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, 1953இல் வந்த மருத்துவக் கட்டுரை ஒன்றையும் பழைய வடமொழி நூலாதாரத்தையும் தேடி எடுத்து வைத்து, 1997இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்ய வைத்தது. எட்ஜ்பெரி வழக்கின் நிழல் முந்நூறு வருஷம் கழித்தும் அங்கே விழுந்துகொண்டிருந்தது. வேப்பெண்ணெய்க் காப்புரிமை ஒன்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 2000இல் விழுந்தது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. அங்கே எடுபட்ட சாட்சி, அதே முறையில் முன்பே வேப்பெண்ணெய் எடுத்துவந்த ஓர் இந்தியத் தொழிற்சாலைக்காரருடையது.

இத்தகைய வழக்குகள் கற்றுக்கொடுத்த பாடத்தில் மரபு அறிவு மின்னூலகம் வந்தது. மரபு அறிவுக்கோ அதன் சேர்க்கைக்கோ காப்புரிமை கிடையாது என்று இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. நல்ல வேலைதான். ஆனால் இவையெல்லாம் வேலி. வேலி, பிறரை உள்ளே விடாமல் காக்கிறது. உள்ளே யார் பயிரிட்டார்கள் என்று சொல்வதில்லை. அந்த மின்னூலகத்தில் பெரும்பகுதி ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்கள். ஏட்டில் இருந்தது ஏற்றப்பட்டது. கொல்லர், கன்னார், தச்சர், படகு கட்டுகிறவர் எந்த ஏட்டில் எழுதினார்கள்? சேலம் கொல்லரின் உருக்கு முறைக்கு விவரக்குறிப்பு என்று சொல்லத்தக்கது இன்று யார் கையிலாவது இருந்தால், பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்துத் தோற்ற ஒரு துரையின் கட்டுரைதான் அது.

இதே கடற்கரையில் இன்றும் இந்த விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. படகின் பின்னால் நீளத் தண்டோடு சுழலும் எஞ்சின். அலை உடையும் இடத்தைக் கடந்து கரையேறும்போது தண்டைத் தூக்கிப்பிடிக்க வேண்டும், மண்ணில் உரசினால் விசிறி போச்சு. அந்தத் தண்டின் நீளம், சாய்வு, பிடியின் அமைப்பு எல்லாம் கம்பெனிக்காரன் அனுப்பியபடியே இருப்பதில்லை. அந்தந்தக் கரையின் அலைக்கு ஏற்ப, லேத் பட்டறைக்காரரும் படகோட்டியும் பேசிப் பேசி வெட்டி ஒட்டியது. இது எதுவும் எந்தப் பதிவிலும் இல்லை.

பட்டறைக்காரர் காப்புரிமை கேட்க வேண்டுமென்றால் பணம் பெரிய தடையில்லை. தனி நபர் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். சென்னை காப்புரிமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. ஊரகக் கண்டுபிடிப்பாளர்களுக்காக 2000இல் ஏற்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் சிலருக்கு விண்ணப்பம் எழுதியும் கொடுக்கிறது. கடினம் உரிமைக்கோரல் எழுதுவது: எதைச் சொன்னால் அடுத்தவன் தாரையும் ஆக்சைடையும் போட்டுத் தப்பிக்க முடியாது என்று பார்த்து எழுதுவது. அது தெரிந்த வழக்கறிஞர் கேட்கும் கூலிதான் உண்மையான கட்டணம். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் போல, மலிவான சானிட்டரி நாப்கின் இயந்திரத்தைச் செய்துவிட்டு, பெரிய நிறுவனத்துக்கு விற்காமல் பெண்கள் குழுக்களிடம் கொண்டுபோனவர்கள் விதிவிலக்கு. அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் வராது.

எனக்குத் தோன்றும் வழி ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் இறுதி ஆண்டுத் திட்டத்துக்காக எங்கெங்கோ இருந்து தலைப்பு எடுத்துவருகிறார்கள். சிதம்பரம், கடலூர், பரங்கிப்பேட்டை பட்டறைகளில் ஆளுக்கு ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அளவோடு வரைந்து, எதனால் அது வேலை செய்கிறது என்று ஹீத் எழுதியது போலக் காரணம் எழுதி, ஹீத் விட்ட இடத்தை நிரப்பி, செய்தவரின் பெயரும் ஊரும் தேதியும் போட்டு வெளியிடலாம். அச்சானபின் அந்தக் கருவியை யாரும் தமதென்று சொந்தம் கொண்டாட முடியாது.

ஓர் எச்சரிக்கை மட்டும். பட்டறைக்காரர் தானே காப்புரிமை வாங்கும் எண்ணத்தில் இருந்தால், இந்த வேலையை அதற்கு முன் செய்யக் கூடாது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழு விவரக்குறிப்புக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. கண்காட்சிகளில், மத்திய அரசு அறிவித்த சிலவற்றுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. மற்றக் கண்காட்சிகளில் காட்டியது காட்டியதுதான். மாவட்டப் பொருட்காட்சியில் முதல் பரிசு வாங்கி, ஆட்சியர் பொன்னாடை போர்த்தி, மறுநாள் பத்திரிகையில் கருவியின் படத்தோடும் விளக்கத்தோடும் செய்தி வந்த பிறகு விண்ணப்பிக்கிறவருக்கு, அந்தப் பத்திரிகைத் துண்டையே பரிசோதகர் எதிர்ச்சாட்சியாக எடுத்து வைப்பார்.